பாவலர் பெயரில் நான் எழுதியவை

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துப் பழைய வீடுகளில் கண்ணாடி போட்ட கல்யாண வாழ்த்து மடல் இன்னமும் சுவரில் தொங்கும். நடுவில் பதினாறு வரிப் பாட்டு, ஓரத்தில் மயிலோ குத்துவிளக்கோ, கீழே தடித்த எழுத்தில் 'நெய்யாற்றுப் பாவலர்' என்று ஒரு பெயர். அந்தப் பாட்டை எழுதியவள் நான். மயிலை வரைந்தவள் நான். மண்டபத்தில் யாராவது மைக் பிடித்து அதைப் பாடியிருந்தால், அந்த மெட்டைப் போட்டவளும் நான்தான். பாவலருடையது அந்தப் பெயர் மட்டும்.

போன மாதம் தங்கை மகளின் கல்யாண அழைப்பிதழுக்காகப் பாறசாலையில் ஒரு டிசைன் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் போனில் எதையோ தட்டினாள். ஒரு நிமிடத்தில் பாட்டு வந்தது, படம் வந்தது, அந்தப் பாட்டை ஒரு குரல் பாடவும் செய்தது.

"அக்கா, அந்தக் காலத்தில பாட்டுக்கு ஒரு ஆளு, படத்துக்கு ஒரு ஆளு, மியூசிக்குக்கு ஒரு ஆளு வேணும் இல்லியா?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான் மக்கா."

"பாவலர் ஆக்கும்?"

எழுந்து வந்துவிட்டேன். அந்தப் போன் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. போன் யார் மேடையிலும் ஏறிப் பொன்னாடை போர்த்திக்கொள்வதில்லை. கோபம் வேறு ஆள் மேல். அதில் பாதி என் மேலேயே. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சுகிர்தம். அப்பா மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தார். சபைக்கு ஹார்மோனியம் வாசிக்க ஆள் இல்லாததால் எட்டு வயதில் என்னைப் பெட்டி முன்னால் உட்கார்த்திவிட்டார். அம்மா லேஸ் தைப்பவள். துணியில் ஏற்றுவதற்கு முன் பூவையும் கொடியையும் தாளில் வரைந்து ஊசியால் குத்திக் கொடுப்பது என் வேலை. பாட்டும் படமும் எனக்கு வந்த வழி அவ்வளவுதான். பிரீடிகிரி முடித்து, பத்தொன்பது வயதில், பாறசாலையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கச் சேர்ந்தேன். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்க மூன்று மாதம், வரியை நெருக்காமல் கட்ட இன்னும் மூன்று மாதம். ஒரு வருடத்தில் தமிழும் மலையாளமும் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பெட்டியிலிருந்து எடுப்பேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதையும் படித்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அதே அச்சகம், அதே சன்னலோரம்.

முதலாளியை நாங்கள் சார் என்போம். நெய்யாற்றின்கரையில் பழைய சைவக் குடும்பம். தாத்தா மகாராஜா காலத்துச் சர்க்கார் கச்சேரியில் எழுத்தர், அப்பா தாலுகா ஆபீசில் எழுத்தர். அந்த இரண்டு பேருடைய உத்தியோகமும் சாரின் விரல்களில் மிச்சமிருந்தது. புரூப் தாளை மேசையில் விரித்து, அடிக்கோலின் முதுகால் மேலிருந்து கீழாக ஒரு முறை நீவுவார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி இடது பக்கம் வைப்பார். முதலில் பெயர்கள். அச்சடிக்க வந்தவர் எழுதிக் கொடுத்த துண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் இனிஷியலாக ஒப்பிடுவார். பிறகு தேதி, முகூர்த்தம், இறந்தவர் என்றால் வயது. கடைசியில் மொத்தத்தையும் பின்னாலிருந்து முன்னால் வாசிப்பார். அப்படி வாசித்தால் அர்த்தம் கண்ணை மறைக்காது, பிழை மட்டும் தெரியும். முப்பது வருடத்தில் அவர் கையைத் தாண்டி ஒரு பெயர் தப்பாக அச்சேறியதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி ஆவேன்.

குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு வரி வேண்டாம் என்றால் "வெட்டு" என்று சொல்ல மாட்டார். "இத கொஞ்சம் மெலிசாக்கணும் சுகிர்தம்" என்பார். அவருக்கு யாப்பு நன்றாகத் தெரியும். பாட்டுத்தான் வராது.

முதல் பாட்டு எப்படிப் போனது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோர்ட்டில் வேலை பார்த்த ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். வாழ்த்துப்பா எழுதித் தருவதாகச் சார் ஏற்றிருந்தார். காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் காலை அச்சேற வேண்டும். நான் எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டே, தாளில் எழுதாமல், நேராக ஈயத்தில் பாட்டைக் கோர்த்தேன். மணப்பெண்ணின் பெயரை முதல் வரியிலும் மாப்பிள்ளையின் பெயரைக் கடைசி வரியிலும் முடிந்தேன். புரூப் எடுத்துச் சாரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். படுத்தபடியே வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். கீழே தன் புனைபெயரை அவரே கையால் எழுதினார்: நெய்யாற்றுப் பாவலர்.

"நல்லா வந்திருக்கு. பெண்ணு எழுதினதுன்னா கல்யாண வீட்டில மதிக்க மாட்டா, கேட்டியா" என்றார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாகச் சந்தோஷம்தான் வந்தது. என் வரி பாவலர் பெயருக்குத் தகுதியாக இருக்கிறதே என்று வழி முழுக்க முனகிக்கொண்டே நடந்தேன். இதை எழுதும்போது அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

அதன் பிறகு காய்ச்சல் தேவைப்படவில்லை. அச்சடிக்க வருகிறவர்கள் சாரிடம் பேசுவார்கள். சார் துண்டுத் தாளை என் மேசையில் வைப்பார். கல்யாணம், புதுமனை, ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பாராட்டு, இறந்தவருக்கு அஞ்சலி. சைவ வீட்டுக்கு ஒரு நடை, சபைக்காரர் வீட்டுக்கு ஒரு நடை. அப்பா பெயர் தெரியாத மணப்பெண்ணுக்கும் குறை தெரியாமல் எழுதுவேன். இரண்டு தடவை கட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கும் எழுதுவேன். பாடிக் கேட்க விரும்புகிறவர்களுக்கு மெட்டும் போட்டு, ஆளை உட்கார வைத்து நானே சொல்லிக் கொடுப்பேன். போட்டோ தெளிவில்லாத இறந்தவர்களை மையால் வரைவேன். எல்லாவற்றுக்கும் கீழே அதே பெயர்.

ஒரு வருடம் நெய்யாற்றின்கரையில் ஓர் இலக்கிய மன்றம் சாருக்குப் பாராட்டு விழா எடுத்தது. அவருடைய பாட்டுகளிலிருந்து ஆறைத் தேர்ந்து பாடினார்கள். ஆறும் என்னுடையவை. மெட்டுத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் மேடையோரத்தில் ஹார்மோனியத்தோடு என்னை உட்கார்த்தியிருந்தார்கள். பொன்னாடை போர்த்திய பிறகு சார் மைக்கைப் பிடித்தார். "மெட்டு பிறக்கிற நேரம் எனக்கே தெரியாது, நெய்யாத்தில தண்ணி வாற மாதிரி தானா வரும்" என்றார். கூட்டம் கை தட்டியது. என் பக்கம் திரும்பி, "பெட்டி வாசிச்சது நம்ம பிரஸ்ஸில சோலி பாக்குற பிள்ளை" என்று சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "நீ எழும்பி நின்னு சொல்லியிருக்கணும்" என்றார். எழும்பவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது.

இருபது வருடத்துக்கு முன்பு, மழை ஓய்ந்த ஒரு காலையில், பொழியூரிலிருந்து ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். பெயர் ஃபிலோமி. முப்பது வயது இருக்கும். புருஷன் சூசைமரியான் கடலுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கரையில் ஒருவருக்குச் சொந்தமான வள்ளத்தில் இரண்டு பேர் போனார்கள். கரைக்குத் திரும்பும்போது, அலை புரளும் இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. குறுக்கே வந்த அலையில் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர் நீந்திக் கரை சேர்ந்தார். சூசைமரியானின் உடல்கூடக் கிடைக்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் ஜெபத்துக்கு அஞ்சலி நோட்டீஸ் அடிக்க வேண்டும், படம் வேண்டும், பாட்டு வேண்டும் என்றாள். சார் எழுதி வாங்கிக்கொண்டு அவளை என்னிடம் அனுப்பினார்.

போட்டோ என்று அவள் கொடுத்தது அடையாள அட்டையில் இருந்த நகத்தளவு படம்.

"இதில அவரு கள்ளன மாதிரி இருக்காரு அக்கா. இது எனக்க மாப்பிளைக்க மொகம் இல்ல."

"சிரிச்ச மொகம் வேணுமா?"

"அவரு சிரிக்காம இருந்து நான் கண்டதில்ல."

ஆள் இல்லாமல் முகம் வரைவதற்கு எனக்கென்று ஒரு வழி உண்டு. மூக்கு எப்படி, கண் எப்படி என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கூட வாழ்ந்தவர்கள் மூக்கைத் தனியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் அவர் என்ன செய்யும்போது எப்படி இருப்பார் என்று கேட்பேன். வெயிலில் நின்றால் எந்தக் கண்ணைச் சுருக்குவார்? கோபம் வந்தால் உதட்டைக் கடிப்பாரா, மடிப்பாரா? வீட்டில் யாருக்கு அவருடைய தாடை? ஃபிலோமி அடுத்த நாள் அவருடைய அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவின் தாடையைப் பார்த்துக் கீழ்ப்பாதியை வரைந்தேன். நெற்றி மயிர் எங்கே தொடங்கும் என்பதை ஃபிலோமி தன் நெற்றியில் விரலை வைத்துக் காட்டினாள். இடது காதில் தூண்டில் முள் கிழித்த சின்ன வெட்டு உண்டு என்றாள். அதையும் போட்டேன்.

மூன்றாவது தாளில்தான் ஆள் வந்தான். அவள் என் கையை விலக்கி, வாயின் வலது ஓரத்தை விரலால் தேய்த்தாள்.

"சிரிப்பு இந்தப் பக்கமாட்டு போவும் அக்கா. ஒரு பக்கமாட்டு."

நான் அந்த ஓரத்தை இழுத்துவிட்டேன். அவள் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கம் செய்ய ஒன்றும் கிடைக்காத வீட்டுக்கு அந்தத் தாள்தான் உடல். எனக்கு அன்றைக்கு அது தெரிந்தே இருந்தது.

பாட்டைப் பற்றிக் கேட்டபோது, "அழுகாச்சி மெட்டு வேண்டாம். அவரு தண்டு வலிக்கும்போ பாடுற மெட்டில வேணும்" என்று சொல்லி, உள்ளங்கையால் தொடையில் தட்டிக் காட்டினாள். இரண்டு நீளம், ஒரு குறில், ஒரு நிறுத்தம். துடுப்பு போடும் அந்தத் தட்டிலேயே மெட்டைக் கட்டினேன்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள்.

"அக்கா, அந்த எஞ்சின் முன்னாடியே ரெண்டு தடவ நடுக்கடலில நின்னுச்சு. இவரு வள்ளக்காரருகிட்ட போய் பறஞ்சாரு, இது ஆள கொல்லும், மாத்தித் தாங்கன்னு. சீசன் கழியட்டும்னாரு அவரு. அண்ணைக்குக் காலையில இவரு போவ மாட்டேன்னு நின்னாரு. போலே, ஒண்ணும் ஆவாதுன்னு அவரே வள்ளத்தத் தள்ளி விட்டாரு. கரையில நின்ன எல்லாரும் கண்டா. ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டேங்குறா. பாட்டிலயாவது இருக்கட்டும்."

பன்னிரண்டு வரி எழுதினேன். கடைசி நான்கு வரி இது:

பாதிக் கடலில் நின்றுபோம் என்று
பழகிய எஞ்சினைப் பூட்டிவிட்டு
போய்வா என்று தள்ளிய கையைப்
பொழியூர்க் கரையே மறவாதே.

என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில், யாரையும் மகிழ்விக்க எழுதாத வரிகள் அவைதான். ஹார்மோனியம் இல்லாமல் ஃபிலோமிக்கு மெதுவாகப் பாடிக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். "உள்ளதாக்கும் இது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து வள்ளக்காரர் அச்சகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. கோயில் திருவிழா நோட்டீசும் கரைக்காரர்களின் கல்யாண அழைப்பும் அவர் மூலமாகவே எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. நோட்டீஸ் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாக ஃபிலோமி வீட்டில் சொல்லியிருக்கிறார். புரூப்பைக் கேட்டார். சார் கொடுத்தார். அவர் வாசித்து முடித்ததும் கோபப்படவில்லை. "சாருக்குத் தெரியாததா" என்று மட்டும் சொல்லித் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சார் என்னைக் கூப்பிட்டார். அடிக்கோலால் தாளை நீவினார். பேனா மூடியை இடது பக்கம் வைத்தார்.

"சுகிர்தம், கடைசியில கொஞ்சம் மெலிசாக்கணும்."

"எந்த வரி சார்?"

"நாலு வரியும். எஞ்சின்னு ஒரு சொல்லு பாட்டில வருமா? கேக்கவே நல்லா இல்ல."

"அவரு செத்ததே எஞ்சின் நின்னுதான் சார். உள்ளதாக்கும் அது."

"உள்ளத எல்லாம் நோட்டீசில அடிக்க ஒக்குமா? கீழ இருக்குறது எனக்க பேரு இல்லியா?"

இருபது வருடத்துக்கு மேலாக வாய்க்குள் இருந்தது அப்போது வெளியே வந்தது.

"அப்போ எனக்க பேரப் போடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஏளனச் சிரிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத பிள்ளை எதையோ கேட்டதுபோல, பாசமாகச் சிரித்தார்.

"உனக்க பேரா? உனக்க பேரு ஆருக்குத் தெரியும் எம்மா?"

நான்கு வரியையும் சிவப்பில் அடித்தார். பக்கத்தில் தானே எழுதினார். எத்தனையோ வருடங்களில் அவர் சொந்தமாக எழுதியதை நான் பார்த்தது அன்றுதான்:

கடலன்னை மடிமீது கண்வளர்ந்தாய்
காலத்தின் அழைப்புக்கு விடைகொடுத்தாய்
அலைமீது ஒளிவீசும் விண்மீனாய்
அழியாத புகழோடு வாழ்கின்றாய்.

தாளை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த நான்கு வரியையும் நானே தட்டினேன். என் விரல்தான் தட்டியது. பின்னாலிருந்து முன்னால் வாசித்துப் பிழையும் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு நானே பொழியூருக்குப் போனேன். பாடிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கடலைப் பார்த்த சின்ன வீடு. முற்றத்தில் பந்தல். முன் வரிசை நாற்காலியில் வள்ளக்காரர். சூசைமரியானின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஒரு பக்கமாகப் போகும் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வயதான பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். படத்தை ஒன்றும் மெலிதாக்க முடியவில்லை சாராலும் வள்ளக்காரராலும்.

ஜெபம் முடிந்ததும் நோட்டீஸைக் கையில் கொடுத்தேன். ஃபிலோமி பத்தாவது வரை படித்தவள். விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். கடைசி வந்ததும் விரல் நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளை.

"அக்கா, எஞ்சின் எங்க?"

முன் வரிசையிலிருந்து வள்ளக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எழுதினதாக்கும்?"

"இல்ல மக்கா" என்றேன். "கீழ பேரு இருக்குல்லியா. சாருதான் எழுதினாரு."

அத்தனை வருடம் என் வரிகளைத் தின்ற அந்தப் பெயர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்ததோ, அவ்வளவு வேகமாக அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். கடைசி நான்கு வரி அவர் எழுதியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபிலோமி கேட்டது அதை அல்ல என்று எனக்குத் தெரியும்.

அவள் நோட்டீஸைப் பாட்டு உள்ளே போகும்படி இரண்டாக மடித்தாள். படம் மட்டும் வெளியே தெரிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் காத்திருந்தது. நான் பாடினேன். சூசைமரியான் தண்டு வலிக்கும் அந்த மெட்டில், கடலன்னை மடிமீது கண்வளர்ந்தாய் என்று பாடினேன். பாடி முடிக்கும்வரை ஃபிலோமி என்னைப் பார்க்கவில்லை. வள்ளக்காரர் நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டார்.

அதற்குப் பிறகும் பல வருடம் அதே அச்சகத்தில் வேலை பார்த்தேன். பாட்டு எழுதினேன், படம் வரைந்தேன், பெட்டி வாசித்தேன். விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த வேலை அது. வேறு எங்கும் அந்த மூன்றையும் ஒரே மேசையில் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு சார் காலமானார். போன வருடம் அவருடைய மகன் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பார்சல் அனுப்பினார். அப்பாவின் பாட்டுகளைத் திரட்டிப் புத்தகம் போடுகிறாராம். 'பிழை பார்க்க உங்களைவிட ஆள் இல்லை' என்று கடிதம் வைத்திருந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எந்தப் பாட்டை எந்த மழைக்காலத்தில், எந்தக் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. போன் செய்தேன்.

"தம்பி, இது எல்லாம் நான் எழுதினது."

"அக்கா, நீங்க நல்லா சகாயிச்சிருக்கீங்கன்னு அப்பாவே பறஞ்சிருக்காரு. முன்னுரையில ஒரு நன்றி போடுதேன்" என்றார்.

"சகாயம் இல்ல தம்பி. எழுதினது நான்."

"அப்பாவுக்க பேரில வந்தது அப்பாவுக்குள்ளதுதானே அக்கா. இனி ஆரு வந்து சாட்சி சொல்லுவா?"

சிவப்புப் பேனா ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் 'என்னுடையது, சுகிர்தம்' என்று எழுதினேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். பொழியூர்ப் பாட்டு வந்தது. கடைசி நான்கு வரியைக் கோடிட்டு, 'இது மட்டும் உங்கள் அப்பா எழுதியது' என்று எழுதினேன். பார்சலைத் திருப்பி அனுப்பினேன்.

புத்தகம் வந்துவிட்டது. முன்னுரையில் எனக்கு நன்றியும் இல்லை. வெளியீட்டு விழாவில் பேசிய ஒருவர், கடலோர மக்களின் கண்ணீரைப் பாவலரைப்போல் யார் பாடினார்கள் என்று சொல்லி, கடலன்னை மடிமீது என்ற அந்த நான்கு வரியைத்தான் வாசித்தாராம். அங்கே போயிருந்த ஒருத்தி என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னாள். மறுநாள் காலை பொழியூர் பஸ் ஏறினேன்.

ஃபிலோமியின் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது கடல் இருக்கிறது. விசாரித்து, ரோட்டோரம் அவள் மகளோடு இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. சுவரில் நான் வரைந்த படம் இருந்தது. நோட்டீஸிலிருந்து படத்தை மட்டும் கத்தரித்துச் சட்டம் போட்டிருந்தாள்.

"மக்கா, அண்ணைக்கு நான் பொய் பறஞ்சேன். பாட்டு எழுதினது நான்தான். கடைசி நாலு வரி மாத்தினதும் எனக்குத் தெரியும். அத கம்ப்யூட்டரில தட்டினதும் நான்தான்."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"அந்தச் சாரு எனக்க மாப்பிளைக்க மெட்டுக் கேட்டாரா? அவருக்கு எப்பிடி அறியும்? நான் தட்டிக் காட்டினது உங்களுக்கில்லியா?"

"பின்ன எதுக்கு எங்கிட்டக் கேட்ட?"

"நீங்க பறையுவியளான்னு பாத்தேன்."

நின்றபடியே அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

பையில் சார்ட் தாளும் மையும் கொண்டுபோயிருந்தேன். தரையில் விரித்து, பன்னிரண்டு வரியையும் பெரிய எழுத்தில் எழுதினேன். ஒரு சொல் மறக்கவில்லை. ஓரத்தில் ஒரு வள்ளம் வரைந்தேன். எழுதி முடித்ததும், அவள் கேட்காமலே, தொடையில் தட்டிப் பாடினேன். அவள் மகள் வாசலில் நின்று கேட்டாள். பாடி முடித்த பிறகு ஃபிலோமி தாளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பேரு எழுதணும்" என்றாள்.

ஆயுசில் முதல்முறையாக ஒருவர் அதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். பேனாவை மையில் தோய்த்து, தாளின் கீழே கொண்டுபோனேன்.

"அங்க இல்ல. உங்க பேரு எனக்கு எதுக்கு?" அவள் விரலைப் பதினோராவது வரியில் வைத்தாள். "தள்ளிய கைன்னு எழுதியிருக்கிய. ஆருக்க கை?"

நான் அவளைப் பார்த்தேன். என் தைரியமான வரி என்று இருபது வருடமாக நான் நெஞ்சில் பொத்தி வைத்திருந்த வரி அது. அதில் ஒரு கை மட்டும் இருந்தது. ஆள் இல்லை. சார் வெட்டுவதற்கு முன்பே நான் கொஞ்சம் மெலிதாக்கித்தான் எழுதியிருக்கிறேன்.

"அவரு இப்பமும் உண்டு" என்றாள் ஃபிலோமி. "தினமும் இந்த ரோட்டு வழியாதான் கோயிலுக்குப் போறாரு."

அவள் வள்ளக்காரரின் பெயரைச் சொன்னாள். பதினோராவது வரிக்குப் பக்கத்தில், வீட்டுப் பெயரோடும் இனிஷியலோடும், பிழையில்லாமல் எழுதினேன். அவள் மகள் தாளை வாங்கி, ரோட்டைப் பார்த்த சன்னல் கம்பியில் எழுத்து வெளியே தெரியும்படி கட்டினாள். கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறு என்று சொல்லி, கீழே என் பெயரையும் எழுதினேன். அதை ஃபிலோமி கேட்கவில்லை. வள்ளக்காரர் யாரிடமாவது வந்து சண்டை போட வேண்டும் என்று நினைத்தால், என்னிடம் வரட்டும்.